பேசாத பொருள்களின் பக்கம் நின்றவருக்கு

மதிப்பிற்குரிய பிரெஞ்சுக் கவிஞர் பிரான்சிஸ் போன்ஜ் அவர்களுக்கு,

நீங்கள் மறைந்தது 1988-இல். ஆனாலும் இந்த நன்றியைச் சொல்லாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

மொன்பெலியேயில் பிறந்த நீங்கள், இளவயதில் வாய்மொழித் தேர்வில் ஒரு சொல்லும் பேசாமல் நின்றீர்கள். எழுத்துத் தேர்வில் தேறியிருந்தும், 1919-இல் எகோல் நோர்மால் என்னும் புகழ்பெற்ற உயர்கல்வி நிறுவனத்தின் வாசல் அதனாலேயே மூடிப்போனது. ஊரார் பேசிப் பேசித் தேய்ந்துபோன சொற்களை எடுத்து நீட்ட உங்கள் நா எழவில்லை என்றே நினைக்கிறேன். பின்னாளில் வாயில்லாப் பொருள்களின் பக்கம் போய் நின்றீர்களே, அதற்கு வேர் அங்கேதான் இருக்க வேண்டும்.

சிப்பி, நத்தை, ரொட்டி, கூழாங்கல், சந்தைக்குப் பழம் சுமந்து வந்ததும் தூக்கியெறியப்படும் மரப்பெட்டி. 1942-இல் வெளியான உங்கள் 'பொருள்களின் பக்கம்' நூலில் இவையே நாயகர்கள். பதிப்பக விநியோகப் பிரிவில் பகலெல்லாம் உழைத்துவிட்டு, உறங்கும் முன் கிடைத்த இருபது நிமிடங்களில் எழுதிய காலமும் உங்களுக்கு உண்டு. தொழிற்சங்கத்தில் முன்னின்றீர்கள்; 1937-இல் அந்த வேலையும் போனது.

எல்லாவற்றையும்விட, சோப்புக்காக உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன். 1942 ஏப்ரல், ரோவான் நகரம். போரில் ஜெர்மனியிடம் பிரான்ஸ் தோற்றுக் கிடந்த நேரம். நல்ல சோப்புக்குப் பஞ்சம். கிடைத்த போலிச் சோப்போ நுரைக்காது. எதிர்ப்பியக்கத்தில் இயங்கியவர் நீங்கள். முழங்கும் கவிதை எழுத உங்களுக்கு எல்லாத் தகுதியும் இருந்தது. ஆனால் நீங்களோ கையில் வழுக்கும் ஒரு சோப்புக் கட்டியைப் பற்றி எழுதத் தொடங்கினீர்கள். விட்டு விட்டுத் தொடர்ந்து, 1967-இல்தான் அது நூலானது. இருபத்தைந்து ஆண்டுகள்! பறிபோன ஒரு சின்னச் சுகத்தைச் சொல்லில் நுரைக்க வைத்த அந்தப் பிடிவாதத்தை, மனிதரின் மானம் காத்த செயலாகவே வாசிக்கிறேன்.

பிறகு 1971-இல் 'புல்வெளியின் பட்டறை'. ஒரே கவிதைக்கான கையெழுத்துப் படிகளை அப்படியே அச்சிட்டீர்கள். அடித்தல், திருத்தல், அகராதியிலிருந்து எடுத்த குறிப்புகள், திரும்பத் திரும்ப முயன்ற வரிகள். எழுதுகிறவர்கள் ஒளித்துவைக்கும் வியர்வையை எல்லோரும் பார்க்க விரித்துவைத்தீர்கள். எழுத்து நகராமல் தவித்த காலங்களில் என்னை மீண்டும் மேசைக்கு இழுத்துவந்தவை அந்தப் பக்கங்கள்தாம். கிறுக்கலும் திருத்தலுமாகக் கிடக்கும் என் தாள்களை நான் இப்போது கிழித்தெறிவதில்லை. அதற்கும் சேர்த்து நன்றி, ஐயா.

என்றும் அன்புடன்,
உங்கள் வாசகன்