அக்னி நட்சத்திரத்துக் கீரை

கீரை பறிப்பவர்கள் ராத்திரி மூன்று மணிக்கே வயலுக்கு வந்துவிடுகிறார்கள். பெரியபாளையம் பக்கம் நான் போனது கத்திரி வெயில் கொளுத்திய மே மாதம். நெற்றியில் கட்டிய டார்ச் வெளிச்சத்தில் ஏழெட்டுப் பெண்கள் பாத்தியில் குந்தி, முளைக்கீரையை வேரோடு பிடுங்கி மண்ணை உதறிக்கொண்டிருந்தார்கள்.

"விடிஞ்சப்புறம் பிடுங்கினா கூடையிலேயே வாடிப்போயிடும் சார். கோயம்பேட்ல எவன் வாங்குவான்?" என்றார் மூத்தவர்.

வேடிக்கை என்னவென்றால், மண்ணில் நிற்கும்வரை இந்தக் கீரைக்கு வெயில் ஒரு பொருட்டே இல்லை. உச்சி வெயிலில் பல செடிகள் தண்ணீரைக் காப்பாற்ற இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். உள்ளே கரியமில வாயு குறைந்து வளர்ச்சி மந்தமாகும். முளைக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை, தண்டுக்கீரை எல்லாம் ஒரே குடும்பம். இவை சோளத்தையும் கரும்பையும்போல அந்த வாயுவைத் திரட்டிப் பயன்படுத்தும் வகை. வேரில் ஈரம் இருந்தால் போதும், வெயில் ஏற ஏற வளரும். விதைத்த 25 நாளில் முளைக்கீரை கைக்கு வந்துவிடுகிறது.

விதைப்புக்கு மட்டும் எல்லாரையும் விடுவதில்லை. கடுகைவிடச் சின்ன விதை. அப்படியே வீசினால் ஓரிடத்தில் குவிந்து, நெருங்கி முளைத்துச் சோகையாகும். மணலைக் கலந்து வீச வேண்டும். அந்த வயலில் அது ஒரே ஒரு பாட்டியின் வேலை. அவர் வராத நாளில் விதைப்பைத் தள்ளிப்போடுகிறார்கள்.

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 3 ரகத்தை 20ஆம் நாள் கிள்ளத் தொடங்கினால் மூன்று மாதத்தில் பத்து முறை கிள்ளலாம். வயல்காரருக்கு அதில் ஆர்வமில்லை. கிள்ள ஆள்கூலி கட்டாது என்கிறார். பிடுங்கு, கட்டு, மறுபடி விதை: இதுதான் அவர் கணக்கு.

ஊறவைத்த வாழைநாரால் கட்டி, தொட்டியில் அலசி, ஈரக் கோணி போர்த்தி வண்டி ஏற்றும்போது கிழக்கு வெளுத்திருந்தது.

எட்டு மணிக்குச் சாப்பாடு. பழைய சோறும் கீரைக் கடைசலும். மண்சட்டியில் பூண்டு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாயோடு கீரையை வேகவிட்டு மத்தால் கடைந்தது. கடையில் கிடைக்கும் மிக்ஸிக் கூழுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. மத்து நாரை நசுக்கும், மாவாக்காது. வேகும்போது மூடக் கூடாது என்பதில் அங்கே எல்லாரும் ஒரே கட்சி. காரணம் உண்டு: கீரையிலிருந்து ஆவியாகும் அமிலம் மூடியில் பட்டுத் திரும்பச் சட்டியிலேயே விழுந்தால் பச்சை நிறம் பழுப்பாகிவிடும். புளி சேர்ப்பவர்களும் வெந்த பிறகே சேர்க்கிறார்கள்.

முற்றிய தண்டு வீணாவதில்லை. நார் உரித்து விரல்நீளம் நறுக்கிப் புளிக்குழம்பில் போட்டால், முருங்கைக்காயைப்போலக் கடித்து உறிஞ்சிச் சக்கையைத் துப்பலாம். என்னைக் கேட்டால் இலையைவிடத் தண்டுதான் ருசி. சிறுநீரகக் கல் தொல்லை உள்ளவர்கள் மட்டும் அளவாகச் சாப்பிட வேண்டும். இந்தக் கீரைகளில் ஆக்சலேட் அதிகம்.

"இந்த வெயில்ல கஷ்டமா இல்லையாம்மா?" என்று ஒருவரிடம் கேட்டேன்.

"வெயில் இருந்தாத்தானே வேலை?" என்றார்.

அங்கே கூலி கட்டுக்கணக்கில். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாத்தியில் தண்ணீர் நின்று வேர் அழுகும். இலையடியில் வெள்ளைக் கொப்புளம் கிளம்பும். கட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது. நாம் திட்டித் தீர்க்கும் கத்திரி வெயில்தான் அவர்களுக்குச் சம்பாதிக்கிற காலம். மழைக்காலத்தில் கீரை விலை ஏறினால் கடைக்காரரோடு மல்லுக்கட்டாதீர்கள். அப்போது பறிக்க ஆள் இருக்கிறார்கள்; பாத்தியில்தான் கீரை இல்லை.