ஐந்து நிமிடக் கணக்கு

ஒருநாள் வெல்லுவது மனிதனுக்கு அரிதன்று. நாள்தோறும் தன் உச்ச நிலையில் நிற்பதே அரிது. இதனை நான் நூல்களிலிருந்து கற்கவில்லை. ஒரு சிறுவனுக்கு இழைத்த பிழையினாலேயே கற்றேன்.

கிள்ளானை அடுத்த செம்பனைத் தோட்டமொன்றில் நான் கிராணி உத்தியோகம் பார்த்து வருகிறேன். மாலை வேளைகளில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி அளிப்பது என் வழக்கம். ஆங்கிலப் பள்ளியில் பயின்றவனாதலால், அக்கலையைப் பற்றிய புத்தகங்கள் சில படித்திருந்தேன். அந்தச் செருக்கும் என்னிடம் இல்லாமலில்லை. சென்ற ஆண்டு, குலை வெட்டும் தொழிலாளி ஒருவரின் மகன் 1500 மீட்டர் ஓட்டத்தில் எங்கள் நம்பிக்கையாக விளங்கினான். ஒரு வாரம் காற்றாய்ப் பறப்பான். மறு வாரம் பாதியிலேயே சோர்ந்து நிற்பான். போட்டியன்று, "விடாதே, முந்து!" என்று முதற் சுற்றிலேயே நான் கூவினேன். முந்தினான், மூன்றாம் சுற்றில் கால் தளர்ந்து, கடைசியாக வந்து சேர்ந்தான். "உனக்கு மனவுறுதி கிடையாது" என்று பலர் முன்னிலையில் கடிந்தேன். மறுநாள் முதல் அவன் பயிற்சிக்கு வரவில்லை. "அவன் தலையில் எழுதியது அவ்வளவுதான், கிராணி ஐயா" என்றார் மண்டோர்.

தலையெழுத்தென்று தள்ளிவிட என் மனம் இடங்கொடுக்கவில்லை. 1998-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடைபெற்ற காமன்வெல்த் விளையாட்டுகள் என் நினைவுக்கு வந்தன. 50 கிலோமீட்டர் நடைப் போட்டியில் கோவிந்தசாமி சரவணன் தங்கம் வென்ற செய்தியை, பிரிக்பீல்ட்ஸில் மாமா வீட்டுத் தொலைக்காட்சியில் சிறுவனாகக் கண்டு துள்ளியவன் நான். அவருக்கான நேரம் 4 மணி 10 நிமிடம் 5 விநாடி. கணக்கெழுதுபவன் புத்தியோடு அதை வகுத்துப் பார்த்தேன். கிலோமீட்டர் ஒன்றுக்குச் சராசரி ஐந்து நிமிடம். அதுவும் ஐம்பது முறை!

நடைப் போட்டியின் விதியோ கடுமையானது. கண்ணுக்குத் தெரிந்த அளவில் ஒரு பாதமேனும் எப்பொழுதும் தரையைத் தொட்டிருத்தல் வேண்டும். முன்வைத்த கால், தரையிற்பட்டது முதல் உடலுக்கு நேரே வரும்வரை, முழங்காலில் மடங்கலாகாது. நடுவர் மூவர் தனித்தனியே குற்றங் கண்டால், அன்றைய விதிப்படி போட்டியினின்றும் நீக்கமே. ஆத்திரங்கொண்டு ஓடிவிட இயலாது. ஆதலின் அங்கே வெல்வது ஆவேசமன்று, அளவு. ஓட்டத்திலும் அப்படியே. தொடக்கத்தில் மிதமிஞ்சி விரைபவனுடைய தசைகள், பிராணவாயு போதாமல் சேமித்த சக்தியைச் சீக்கிரமே செலவழித்துத் தளர்ந்துவிடுகின்றன. அப்படியானால், அன்று அச்சிறுவனைத் தோற்கச் செய்தவர் யார்?

மன்னிப்புக் கேட்க அவன் லயத்து வீட்டிற்குச் சென்றேன். நாற்காலியைத் துடைத்துப் போட்டார் தாயார். சிறுவன் தலை நிமிராமல், "நீங்கள் சொன்னீர்களென்றுதான் முந்தினேன், ஐயா" என்றான். அதனினும் பெரிய தண்டனை எனக்கு வேறில்லை. சில வாரங்களில் பள்ளி விட்டதும் தந்தைக்கு உதவியாக உதிரிப் பழம் பொறுக்கப் போவதாகவும் சொன்னான். காரியாலயம் திரும்பிக் கணக்கைப் புரட்டினேன். தந்தையின் குலைக் கணக்கு ஏறிய வாரங்களே மகன் சோர்ந்த வாரங்கள்! என் கையாலேயே எழுதிய புத்தகத்தை நான் படிக்கவில்லை.

இப்பொழுது அவனுக்கென்று தனியாக ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறோம். உறங்கிய நேரம், உண்டது, செய்த வேலை, ஒவ்வொரு சுற்றின் விநாடி ஆகிய யாவும் அதில் ஏறும். பழம் பொறுக்கிய நாளில் ஓட்டமில்லை, மெல்லிய நடையே. நான் கூவுவதையும் விட்டேன். அண்மையில் நடந்த போட்டியில் அவன் நான்காவதாக வந்தான். பதக்கமில்லை. ஆயினும் முதற் சுற்றுக்கும் மூன்றாம் சுற்றுக்கும் இடையே இரண்டு விநாடியே வேற்றுமை.

பெற்றோர்களே, ஆசிரியர்களே! நம் பிள்ளைகள் ஒருநாள் மின்னி மறுநாள் மங்கினால், அவர்கள் தலையெழுத்தையோ மனவுறுதியையோ பழிக்குமுன், அவர்கள் உறக்கத்தையும் உணவையும் உழைப்பையும் விசாரியுங்கள். நிலையான திறமை கூச்சலில் பிறப்பதன்று. சரியாக எழுதிய கணக்கிலும், அதை நேர்மையாகப் படிக்கும் கண்ணிலும் பிறப்பது.