குஞ்சு விடுவதற்கு முன் பாக்டீரியா வளர வேண்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

என் தங்கை மகன் ஆர்.ஏ.எஸ். மீன் பண்ணை போடுகிறான். அதாவது, ஒரே தண்ணீரைச் சுத்தம் செய்து திரும்பத் திரும்பத் தொட்டிக்கு விடும் முறை. தொட்டி, மோட்டார், டிரம் ஃபில்டர் எல்லாம் வந்து இறங்கிவிட்டன. மனைவி நகை பேங்கில். சாமான் விற்றவர், "தண்ணீர் நிரப்பி மறுநாளே குஞ்சு விடலாம்" என்றிருக்கிறார். போனில் ஒரு மணி நேரம் பேசித் தள்ளிப்போட வைத்திருக்கிறேன். "வட்டி ஓடுது மாமா" என்கிறான். மீன் செத்தாலும் வட்டி ஓடத்தான் செய்யும்.

வடிகட்டி என்றதும் நமக்கு டீ வடிகட்டிதான் ஞாபகம் வரும். டிரம் ஃபில்டர் அந்த வேலையைத்தான் செய்கிறது. கழிவு, மீந்த தீவனம் இவற்றைப் பிடித்துவிடும். ஆனால் மீன் செவுள் வழியாக வெளிவிடும் அமோனியா தண்ணீரில் கரைந்தே இருக்கிறது. எந்தச் சல்லடையிலும் நிற்காது. ஒரு கிலோ தீவனம் போட்டால் சுமார் 30 கிராம் அமோனியா வரும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அதைக் கவனிப்பது பயோ ஃபில்டர். கரும்பலகையில் நைட்ரஜன் சுழற்சி வரைந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? (பின் பெஞ்சுக்காரர்களைக் கேட்கவில்லை.) நைட்ரோசோமோனாஸ் அமோனியாவை நைட்ரைட் ஆக்கும். நைட்ரோஸ்பைரா, நைட்ரோபாக்டர் அதை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட்டால் அவ்வளவு ஆபத்தில்லை. நடுவில் வரும் நைட்ரைட்தான் மீன் ரத்தத்தைப் பழுப்பாக்கும். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தும் மீன் மூச்சுக்குத் தவிக்கும்.

இந்தப் பாக்டீரியாக்கள் மெதுவாகப் பெருகுபவை. புது பிளாஸ்டிக் மீடியாவில் அவை படிய நம் வெயிலிலும் நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். மீன் இல்லாமலே அம்மோனியம் குளோரைடு கொஞ்சம் போட்டு, தினமும் டெஸ்ட் கிட்டில் பார்க்க வேண்டும். முதலில் அமோனியா ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். போட்ட அமோனியா ஒரே நாளில் காணாமல் போய், நைட்ரைட்டும் இல்லை என்றால் குஞ்சு விடலாம். அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக.

இன்னொன்று. ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனை மாற்ற ஏறக்குறைய 7 கிராம் காரத்தன்மை செலவாகிறது. விட்டுவிட்டால் பி.எச். இறங்கி பாக்டீரியா சோர்ந்துபோகும். அதற்குச் சமையல் சோடா போதும். மீனுக்கு நோய் என்று ஆன்டிபயாட்டிக்கையோ பெர்மாங்கனேட்டையோ சுற்றும் தண்ணீரில் கொட்டினால் பயோ ஃபில்டரும் சேர்ந்து சாகும். ஜெனரேட்டர் அவசியம் என்பதை அவனே புரிந்துகொண்டான்.

உங்களில் யாராவது ஆர்.ஏ.எஸ். நடத்தினால் எனக்கு இன்பாக்ஸில் சொல்லுங்கள், அவன் நம்பர் தருகிறேன். முதல் இரண்டு மாதம் எப்படிப் போனது என்று அவனிடம் பேசுங்கள். நான் சொன்னால் மாமா பாடம் எடுக்கிறார் என்று நினைக்கிறான்.