முதியோர் பட்டியலில் முதலிடம்

முதுமைக்கு வேண்டுவன எவை என்று கேட்டால், உணவு, மருந்து, மரியாதை என்று பள்ளி மாணவனும் விடை சொல்லிவிடுவான். அவற்றுள் எதனை அரசாங்கம் முதலிற் செய்தல் வேண்டும், அதனை எடுத்துரைப்போர் யார் என்று கேட்டாலோ நாமும் சற்றுத் தயங்கவே நேரும். ஊவா மலைநாட்டிலே முதுமை இருவகைப்படும். பதுளை நகரில் ஓய்வூதியம் பெறும் ஆசிரியரும் எழுதுவினைஞரும் ஒருவகை. பசறையிலும் நமுனுகுலையிலும் மடுல்சீமையிலும் நாற்பது ஆண்டு கொழுந்து பறித்து, இன்று லயத்து வாசலில் அமர்ந்திருக்கும் மூதாட்டியர் மற்றொரு வகை.

சட்டத்துக்குக் குறைவில்லை. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், அறுபது வயதானோரை முதியோர் எனக் கொள்கிறது. பிள்ளைகள் கைவிட்ட பெற்றோர் வாழ்க்கைச் செலவு கோரி முறையிடுதற்கும் அதில் வழி உண்டு. முதியோருக்கெனத் தேசிய சபையும் செயலகமும் தோன்றின. கிராம மட்டத்தில் முதியோர் சங்கம் கூடி, அதன் கோரிக்கைகள் பிரதேசம், மாவட்டம் எனப் படிப்படியாக மேலேறிச் செல்லுதல் வேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், கீழ்ப்படியில் யார் வந்து அமர்கின்றனர் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

அத்தகைய சங்கமொன்றின் கூட்டத்துக்கு நாம் ஒருமுறை போயிருந்தோம். வங்கியில் தனி வரிசை, பேருந்தில் ஒதுக்கிய ஆசனம், மாலையில் உலாவ ஒரு பூங்கா எனக் கோரிக்கைகள் ஒழுங்காக எழுதப்பட்டன. ஒன்றும் தவறில்லை. கூட்டம் பாதி கடந்தபின் தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறி மூதாட்டி ஒருவர் வந்து பின்வரிசையில் அமர்ந்தார். செயலாளர் அன்புடையவர், "நீங்களும் ஏதாவது சொல்லுங்கள், அம்மா" என்றார்.

"எங்க பேரச் சரியாக்கிக் குடுத்தாப் போதுங்க ஐயா."

சபையோர்க்கு முதலில் விளங்கவில்லை. செக்ரோலில் ஒரு பெயர், பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் வேறொரு பெயர், அடையாள அட்டையில் மூன்றாவது பெயர். ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் ஐம்பது வயதிலேயே பெறலாம். ஒரெழுத்து மாறியதால் அவர் பணம் அறுபது கடந்தும் கைக்கு வரவில்லை.

இக்குறைக்கு வயது அதிகம். தோட்டக் கந்தோரில் தமிழ்ப் பெயரைக் காதில் விழுந்தவாறு ஆங்கிலத்தில் எழுதினர். பின்னர் அதனையே பார்த்து இன்னொருவர் சிங்களத்தில் எழுதினார். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியோரின் குறை தீர 2003 ஆம் ஆண்டில் மற்றொரு சட்டம் வரவேண்டியிருந்தது. பத்திரமின்றிப் பிறந்து வளர்ந்த தலைமுறைதான் இன்று முதுமையடைந்திருக்கிறது. பூங்கா கேட்பவர்க்கு இது எவ்வாறு தோன்றும்?

தோட்டத்தில் குறை சொல்லுமிடம் தொழிற்சங்கமே. வாக்குரிமை, வீடு, சம்பளம் ஆகியவற்றுக்காக அது பாடுபட்ட வரலாற்றை நாம் மறுப்பதற்கில்லை. எனினும் சங்கச் சந்தா சம்பளத்திற் பிடிக்கப்படுவது. செக்ரோலிலிருந்து பெயர் நீங்கிய நாளிலே சந்தாவும் நின்றுவிடுகிறது. தலைவரின் பட்டியலிலும் அப்பெயர் மெல்லக் கீழிறங்குகிறது. 2021 இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவானபோது மகிழ்ந்தோம். 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி நாட்கூலி பெறுவோர்க்கு ஆண்டொன்றுக்குப் பதினான்கு நாட் சம்பளம். அதுவும் இறுதியாகப் பெற்ற சம்பளத்தைக் கொண்டு கணிக்கப்படுவது. ஆகவே, முப்பது ஆண்டு உழைத்து அந்த ஆயிரம் ரூபாச் சம்பளத்தோடு விலகியவர்க்கு 420 ஆயிரங்கள். முந்திய ஆண்டு விலகியவர்க்கோ அதே 420 நாட்களும் பழைய சம்பளத்தில். பேச்சுவார்த்தை மேசையில் இவருக்காகப் பேசியோர் எத்தனைபேர்?

அமெரிக்காவில் எதெல் பெர்சி ஆண்ட்ரஸ் என்ற ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் இருந்தார். தம்மைப்போல் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வறுமையால் கோழிக்கொட்டிலில் குடியிருக்கக் கண்டார். 1947 இல் ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கத்தையும், 1958 இல் எல்லா முதியோர்க்குமான பெருஞ் சங்கத்தையும் தொடங்கினார். முதியோர்க்கு மருத்துவக் காப்புறுதி கிடைக்காத காலம் அது. அதனையே அவர் முதற் கோரிக்கையாக எடுத்தார். பட்டியல் எழுதுமுன் அவ்வம்மையார் வாசல் வரை நடந்து சென்று பார்த்தார் என்பதையே நாம் இங்குக் கருதுகிறோம்.

பதுளைச் சங்கத்தார் பசறை வரை போதல் அரிதன்று. மாதத்தில் ஒரு கூட்டத்தைத் தோட்டத்துக் கோயில் மண்டபத்திலோ பிள்ளைக் காம்பராவிலோ வைக்கலாம். அதுவும் ஞாயிற்றுக்கிழமை, பேத்தி உடனிருந்து கடிதம் வாசிக்கத்தக்க வேளையில். சமாதான நீதவான் ஒருவரையும் அழைத்துச் சென்றால், மூன்று பெயரும் ஒருவரையே குறிப்பன என்று சத்தியக்கடதாசி எழுதும் வேலையை அங்கேயே தொடங்கலாம். உயர்வகுப்பு மாணவர் இருவர் பத்திரங்களை ஒப்பிட்டுப் பார்த்து, எங்கே எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று குறித்துக்கொடுக்கலாம். எத்தனை பேருடைய பணம் இப்படி நின்றுகிடக்கிறது என்ற கணக்கும் அதிலிருந்தே பிறக்கும். அக்கணக்கை முதல் வரியாக எழுதிப் பிரதேச செயலகத்துக்கு அனுப்பட்டும். பூங்கா இரண்டாம் வரியில் இருக்கட்டும்.