ஏழு வருஷம் வீட்டில் கிடந்தவரின் பாட்டு

கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

இன்னைக்கு ஒரு ஸ்காட்லாந்து இசைக்குழுவோட ஆல்பங்களைப் பத்தி எழுதப் போறேன். "டாக்டர், உங்களுக்கு எதுக்கு இந்த வேலை? சுகர், பிரஷர் பத்தி எழுதுங்க"ன்னு சிலர் கேட்பீங்க. இதுவும் மருத்துவம்தான். எப்படின்னு சொல்றேன்.

குழுவின் பெயர் பெல் அண்ட் செபாஸ்டியன். ஊர் கிளாஸ்கோ. ஒரு சிறுவனையும் ஒரு நாயையும் பற்றிய பிரெஞ்சுக் கதையிலிருந்து எடுத்த பெயர். காதில் அறையாத, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போன்ற பாட்டுகள். கிட்டார், பியானோ, வயலின், டிரம்பெட். முக்கியப் பாடகரும் பாடலாசிரியரும் ஸ்டூவர்ட் மர்டோக்.

எம்.பி.பி.எஸ். படிக்கும்போது ஹாஸ்டல் சீனியர் ஒருத்தரின் பென் டிரைவ் வழியாத்தான் எனக்கு வந்து சேர்ந்தது. பல வருஷம் வெறும் பாட்டாகவே கேட்டேன். மர்டோக்கின் நோய் வரலாறு தெரிந்த பிறகு, அதே ஆல்பங்களை கேஸ் ஹிஸ்டரி மாதிரி கேட்க ஆரம்பிச்சேன்.

விஷயம் இதுதான். 1980களின் இறுதியில் மர்டோக் கிளாஸ்கோ பல்கலைக்கழக மாணவர். ஓட்டப் பயிற்சியில் ஆர்வமுள்ள இளைஞர். அந்த வயசுலதான் படுத்தார். ஏறத்தாழ ஏழு வருஷம் வேலைக்குப் போக முடியவில்லை.

நோயின் பெயர் எம்.இ. மயால்ஜிக் என்செஃபலோமைலைட்டிஸ். க்ரானிக் ஃபெட்டிக் சிண்ட்ரோம் என்றும் சொல்வார்கள். தமிழில் நாட்பட்ட களைப்பு நோய்.

"களைப்பா? எனக்கும்தான் இருக்கு"ன்னு நினைக்காதீங்க. இந்தப் பெயரே அந்த நோயாளிகளுக்குச் செய்த அநியாயம். நாம் சொல்லும் களைப்பு தூங்கி எழுந்தால் போய்விடும். இதில் தூங்கி எழுந்தாலும் தூங்கின மாதிரியே இருக்காது. யோசனை மந்தமாகும், வார்த்தை வாயில் வராது. சிலருக்கு வெளிச்சமும் சத்தமும்கூடத் தாங்காது.

முக்கியமான அடையாளம் இன்னொன்று. சக்திக்கு மீறி எதையாவது செய்துவிட்டால், பல மணி நேரம் கழித்தோ, ஓரிரு நாள் கழித்தோ உடம்பு மொத்தமாகச் சரிந்துவிடும். தெம்பைக் கடன் வாங்கிச் செலவு பண்றாங்க. கந்துவட்டியோட திருப்பிக் கட்றாங்க. சிலருக்கு ஒரு குளியல்கூடப் பெரிய செலவுதான்.

பலருக்கு ஏதாவது ஒரு தொற்றுக் காய்ச்சலுக்குப் பிறகு தொடங்கும். இன்றுவரை இதை உறுதி செய்ய ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது. ஸ்கேன் நார்மல். தைராய்டு நார்மல். ஹீமோகுளோபின் நார்மல். எல்லாம் நார்மல், ஆனா ஆள் மட்டும் எழுந்திரிக்க முடியல.

அப்போ வீட்டில் என்ன சொல்வார்கள்? உங்களுக்கே தெரியும்.

மருத்துவ உலகமும் சும்மா இல்லை. 1955ல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஏறக்குறைய 300 ஊழியர்கள் இப்படியொரு நோயில் விழுந்தார்கள். 1970ல் இரண்டு மனநல மருத்துவர்கள் பழைய கேஸ் ஷீட்டுகளைப் படித்துவிட்டு "கூட்டு ஹிஸ்டீரியா" என்று எழுதினார்கள். அந்த நோயாளிகளை நேரில் பார்த்துப் பேசாமலே. மர்டோக் நோயில் விழுந்த காலத்தில் பிரிட்டிஷ் பத்திரிகைகள் இதற்கு வைத்திருந்த கேலிப் பெயர் "யப்பி ஃப்ளூ". வசதியான இளைஞர்களின் சோம்பேறித்தனம் என்று அர்த்தம்.

இந்தச் சூழலில், வெளியே போக முடியாத ஒருவர் பாட்டு எழுத ஆரம்பித்தார். 1995 வாக்கில் உடம்பு ஓரளவு தேறியது. கூடப் பாட ஆட்களைத் தேடினார்.

முதல் ஆல்பம் டைகர்மில்க், 1996. கிளாஸ்கோவின் ஸ்டோ கல்லூரியில் இசைத்தொழில் படிக்கும் மாணவர்கள் நடத்திய எலக்ட்ரிக் ஹனி என்ற லேபிள் வெளியிட்டது. வருஷத்துக்கு ஒரு சிங்கிள் போடுவதுதான் அவர்கள் வழக்கம். இவரிடம் ஒரு முழு ஆல்பத்துக்கே பாட்டு இருந்தது! ஆயிரம் வினைல் மட்டும் அச்சிட்டார்கள். 1999ல் மறுவெளியீடு வரும்வரை ரசிகர்கள் அதைத் தேடி அலைந்தார்கள்.

அதே 1996 நவம்பரில் இரண்டாவது, இஃப் யூ ஆர் ஃபீலிங் சினிஸ்டர். முதல்முறை கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். பத்தே பாட்டு. தொடக்கப் பாட்டு தடகள வீரர்களைப் பற்றியது. ஓட முடியாமல் போன ஒருவர் ஓடுகிறவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று தெரிந்து கேட்டுப் பாருங்க, வேற மாதிரி இருக்கும். தி ஃபாக்ஸ் இன் தி ஸ்னோ என்ற பாட்டில் பனியில் ஒரு நரி, ஒரு பெண், சைக்கிளில் ஒரு பையன். எல்லாரும் தனித்தனியாகப் போகிறார்கள். ஜன்னலுக்கு உள்ளே இருந்து வெளியே பார்க்கிறவனின் கண் அது.

குரலையும் கவனிங்க. கத்தவே மாட்டார். என் காதுக்கு அது தெம்பை எண்ணிச் செலவு பண்றவரின் குரலாகத்தான் கேட்கிறது. அந்த ஆல்பத்தின் ஒலிப்பதிவு அவருக்கே திருப்தி இல்லை. 2005ல் லண்டன் பார்பிகன் அரங்கில் முழு ஆல்பத்தையும் மறுபடி மேடையில் வாசித்து வெளியிட்டார்கள். எனக்கு இன்னமும் பழசுதான் பிடிக்கும்.

மூன்றாவது, தி பாய் வித் தி அராப் ஸ்ட்ராப், 1998. முதல் பாட்டே 24 வயதில் பக்கவாதம் வந்த ஒருவரைப் பற்றியது. தலைப்பு, பிரமாதமாக வந்திருக்க வேண்டிய ஒரு வாழ்க்கை என்ற பொருளில். ஒரு பாப் ஆல்பத்தை இப்படித் தொடங்க எத்தனை பேருக்குத் தோன்றும்?

இங்கே ஒரு எச்சரிக்கை. "பாருங்க, நோய் வந்ததாலதான் இவ்வளவு பெரிய கலைஞர் ஆனார்"னு தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க. நோய் யாருக்கும் வரம் கிடையாது. அது ஏழு வருஷத்தைப் பிடுங்கிக்கொண்டது. மிச்சம் விட்டதை வைத்து அவர் பாட்டு செய்தார். மிச்சமே இல்லாமல் இருட்டறையில் கிடக்கும் நோயாளிகளும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் "நீங்களும் ஏதாவது எழுதலாமே"ன்னு சொல்றது வன்முறை.

நடுவில் வந்த ஆல்பங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2000ல் ஃபோல்ட் யுவர் ஹேண்ட்ஸ் சைல்ட், கொஞ்சம் சோர்வான ஆல்பம். 2003ல் டியர் கடாஸ்ட்ரஃபி வெய்ட்ரஸ், பெரிய பாப் தயாரிப்பாளர் ட்ரெவர் ஹார்ன் கைவண்ணத்தில் பளபளப்பு. 2006ல் தி லைஃப் பர்சூட், லாஸ் ஏஞ்சலஸில் பதிவானது, குதூகலம். 2010ல் ரைட் அபௌட் லவ். கிசுகிசுத்துக்கொண்டிருந்த குழு இப்போது கால் தட்ட வைக்கிறது.

அடுத்தது 2015ல் வந்த கேர்ள்ஸ் இன் பீஸ்டைம் வான்ட் டு டான்ஸ். இதன் முதல் பாட்டு நோபடீஸ் எம்பயர். முதல் ஆல்பம் வந்து 19 வருஷம் கழித்து, தன் நோயையே நேரடியாகப் பாட்டாக்கியிருக்கிறார். படுக்கையில் கிடக்கும் ஒருவனுக்கு அறையின் வெளிச்சம் தாங்கவில்லை. அங்கிருந்து தொடங்குகிறது. மருத்துவப் புத்தகத்தில் "ஒளிக்கூச்சம்" என்று ஒரே சொல்லில் கடந்து போவதை இந்தப் பாட்டு உணர வைத்துவிடும். அதே ஆல்பத்தின் மற்ற பாட்டுகளில் டான்ஸ் தாளம்! 2024ல் இதே தலைப்பில் நாவலும் எழுதினார்.

கொரோனா காலத்தில் லாஸ் ஏஞ்சலஸ் பயணம் நின்றுபோக, சொந்த ஊரிலேயே பதிவு செய்து 2022ல் எ பிட் ஆஃப் ப்ரீவியஸ், 2023 ஜனவரியில் லேட் டெவலப்பர்ஸ். நோய் முழுசா போயிடுச்சான்னு கேட்டால், இல்லை. தனக்கு இன்னும் இருக்கிறது என்று அவரே வெளிப்படையாகப் பேசுகிறார்.

மருத்துவமும் மெதுவாக மாறியது. படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டினால் சரியாகும் என்று பல வருஷம் சொல்லிவந்தார்கள். பல நோயாளிகள் "இதனால மோசமாகுது"ன்னு கத்தினார்கள். 2021ல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு புதிய வழிகாட்டுதலில் அந்தச் சிகிச்சையைக் கைவிட்டது. இருக்கும் தெம்புக்குள் வாழ்க்கையை அமைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் இப்போதைய அடிப்படை. சம்பளத்துக்குள்ள குடும்பம் நடத்துற மாதிரி.

இதை எதுக்கு உங்ககிட்ட சொல்றேன்?

கொரோனாவுக்குப் பிறகு இப்படியே அறிகுறிகள் சொல்பவர்களை நம்ம ஊர் ஓ.பி.யிலும் பார்க்கிறோம். பெரும்பாலும் அவர்களோடு ஒரு அம்மாவோ, கணவரோ வருவார்கள். "எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு சார், ஒண்ணும் இல்ல, சும்மா படுத்தே இருக்கா"ன்னு அந்தப் பெண்ணுக்கு முன்னாடியே சொல்வார்கள்.

உங்க வீட்டிலும் இப்படி ஒருத்தர் இருந்தால்:

முதலில் ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, பி12, காசநோய், மனச்சோர்வு இதெல்லாம் பார்க்கணும். எல்லாக் களைப்பும் எம்.இ. கிடையாது. தானாக முடிவு கட்டாதீங்க.

எல்லாம் பார்த்தும் நார்மல்னு வந்தால், "ஒண்ணும் இல்ல"ன்னு அதுக்கு அர்த்தம் கிடையாது. நாம எடுத்த டெஸ்ட்டுல தெரியல, அவ்வளவுதான். வேலை செய்த மறுநாள் எப்படி இருக்குன்னு கேளுங்க. அந்தப் பதில்தான் டாக்டருக்கு வேணும். எழுதி வெச்சுக் கொண்டு வாங்க.

"கொஞ்சம் எழுந்து நட, சரியாயிடும்"னு விரட்டாதீங்க. லைட்டை அணைச்சுட்டு, சத்தத்தைக் குறைச்சுட்டு, பக்கத்துல உட்காருங்க.

ஆல்பம் கேட்க விரும்புகிறவர்கள் நோபடீஸ் எம்பயரில் தொடங்கி, பிறகு சினிஸ்டருக்குப் போங்க. அப்பவும் அந்த மெல்லிய குரல் வெறும் ஸ்டைல்னு தோணுதான்னு கமெண்ட்டில் சொல்லுங்க.