மணிப்பூரும் மேல்பாதியும்

இரும்பையில் மாகாளேஸ்வரர் கோயில் பக்கம் மணிப்பூர் பேச்சு எடுத்தால், "அது எங்கேயோ இருக்குப்பா" என்று முடித்துவிடுகிறார்கள். அந்த எங்கேயோவில், பர்மா எல்லையில் மோரே என்று ஓர் ஊர். 1960களில் பர்மாவை விட்டு வந்த தமிழர்கள் அங்கே குடியேறி, அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் கட்டி, தமிழ்ச் சங்கமும் நடத்துகிறார்கள். மெய்தேய், குக்கி இனங்களுக்கிடையேயான மோதலில் அவர்களும் நடுவில் மாட்டிக்கொண்டார்கள்.

2023 மே 3-ல் பற்றிய தீ அது. பிரதமர் அதைப் பற்றி வாய் திறந்தது ஜூலை 20-ல். அதுவும் குக்கிப் பெண்களை நிர்வாணமாக இழுத்துச் சென்ற வீடியோ நாடெல்லாம் பரவிய பிறகு. நேரில் போனது 2025 செப்டம்பர் 13-ல். இதற்குள் 200-க்கும் மேற்பட்ட உயிர்கள் போய்விட்டன. சுமார் 60,000 பேர் வீடிழந்தார்கள். முதல்வர் பிரேன் சிங் நாற்காலியை விட்டு இறங்கவே 2025 பிப்ரவரி ஆகிவிட்டது. இதற்குப் பெயர் தலைமையாம்!

டெல்லியைத் திட்டிவிட்டு நிம்மதியாகப் படுக்கவும் வழியில்லை. அதே 2023-ல், நம் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன தலித்துகளை அடித்து விரட்டினார்கள். "எல்லோரையும் உள்ளே விடு" என்று சொல்லத் துணிவில்லாத நிர்வாகம், ஜூன் மாதம் கோயிலுக்கே சீல் வைத்தது. அம்மனுக்கும் சேர்த்துத் தண்டனை! நீதிமன்றம் தலையிட்டு, 2025 ஏப்ரலில்தான் போலீஸ் பாதுகாப்போடு அவர்களால் உள்ளே போய்க் கும்பிட முடிந்தது.

அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும், எந்தக் கட்சியானாலும், "மேல்பாதி பூட்டிக் கிடந்தப்போ நீங்க எங்கே இருந்தீங்க?" என்று கேளுங்கள்.