நாலில் இரண்டு

மாடிப்படி விளக்குக்குக் கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். இந்த ‘டூ வே’ இணைப்பு கெட்டால் பெரும்பாலும் பாதிதான் கெடும். மேல் சுவிட்ச் ஒரு பக்கம் இருந்தால் கீழே போட்டதும் எரியும். மறுபக்கம் இருந்தால் கீழே எத்தனை தட்டினாலும் எரியாது. பாதி வேலை செய்கிற பொருளை யாரும் ரிப்பேருக்குக் கொடுப்பதில்லை. அனுசரித்துப் போகத் தொடங்கிவிடுகிறோம்.

பொங்கலுக்குப் பெயின்ட் அடித்து, புது சுவிட்ச் மாற்றிய பிறகு எங்கள் வீட்டிலும் இதே கதை. அம்மா மேல் சுவிட்சின் குறுக்கே பிளாஸ்திரி ஒட்டிவிட்டார். விருந்தாளி வந்தால் முதல் உபசாரமே, “அந்த சுவிட்சைத் தொட்டுடாதீங்க” என்பதுதான்.

பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் பையைத் திறக்கவில்லை. “முதல்ல நாலு விதமாவும் போட்டுப் பாத்துடுவோம் சார்” என்றார். கீழ் சுவிட்ச் இந்தப் பக்கம், அந்தப் பக்கம். மேல் சுவிட்சும் அப்படியே. ஆக நாலு நிலை.

சாதாரண சுவிட்சுக்கு இரண்டு முனை, இதற்கு மூன்று. கீழ் சுவிட்சின் காமன் முனையில் பேஸ் வந்து சேரும். மேல் சுவிட்சின் காமனிலிருந்து விளக்குக்கு வயர் போகும். மீதி முனைகளை இரண்டு வயர்கள் கீழும் மேலுமாக இணைக்கும். இரண்டு சுவிட்சும் ஒரே வயரைப் பிடித்தால் எரியும். ஆளுக்கொன்றைப் பிடித்தால் அணையும். அதனால்தான் இதில் ‘ஆன்’ பக்கம் என்று ஒன்று கிடையாது.

நாலில் இரண்டு நிலையில் எரிந்தால் பழுதில்லை. ஒன்றிலும் எரியாவிட்டால் பல்பு, ஹோல்டர், எம்.சி.பி., நியூட்ரல் என்று பார்க்க வேண்டும். ஒன்றில் மட்டும் எரிந்தால், இடையில் ஓடும் ஒரு வயர் விட்டுப்போயிருக்கலாம். அல்லது காமனில் இருக்க வேண்டிய வயர் வேறு முனையில் இருக்கலாம். வருஷக்கணக்கில் எரிந்தது திடீரென மக்கர் செய்தால் முதல் காரணத்தைத் தேடலாம். சுவிட்ச் மாற்றிய கையோடு வந்த கோளாறு என்றால் அநேகமாக இரண்டாவதுதான்.

எங்களுக்கு நாலில் ஒன்று. மெயினை அணைத்துவிட்டு மேல் சுவிட்சைக் கழற்றி மூன்று வயர்களையும் தனித்தனியாகப் பிரித்தார். மறுபடி கரன்ட் கொடுத்தபோது டெஸ்டரை அவர் நம்பவில்லை. ஒரே பைப்பில் பேஸோடு ஒட்டி ஓடும் சும்மா வயரில்கூட டெஸ்டர் மினுக்கும். ஹோல்டரில் மாட்டிய குண்டு பல்பின் ஒரு முனையை நியூட்ரலில் வைத்து, மறுமுனையால் ஒவ்வொரு வயராகத் தொட்டார். நான் கீழே சுவிட்சை மாற்றி மாற்றித் தட்ட, இரண்டு வயர்கள் முறைவைத்து பல்பை எரிய வைத்தன. மூன்றாவதில் எப்போதும் எரியவில்லை. “இதுதான் லைட்டுக்குப் போறது” என்றவர், மெயினை அணைத்து அதைக் காமனில் முடுக்கினார். மற்ற இரண்டும் இடம் மாறினால் பாதகமில்லையாம்.

வயரைத் தொடுவது தெரிந்தவர் வேலை. நாலு நிலையைத் தட்டிப் பார்க்க யாரும் போதும். “லைட் சரியில்லை” என்று போன் செய்வதற்குப் பதில் “நாலில் ஒன்றில்தான் எரிகிறது, சுவிட்ச் மாற்றியதிலிருந்து” என்று சொல்லிப் பாருங்கள். வருகிறவர் எந்த போர்டைக் கழற்றுவது என்று யோசித்துக்கொண்டே வருவார்.